சிவப்பு டேப்

செல்விக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை. கடலை மிட்டாய் 2 கிலோ பார்சலில் போட்டிருக்கிறேன். வேலை அதிகமாக இருக்கும், அதனால்தான் நீ போன் எடுக்கவில்லை என்று அம்மா சொல்கிறாள். சரி.

முகில் நன்றாகத் தூங்குகிறானா? மே மாதம் வந்தபோது ஒருநாள் மதியம் திண்ணையில் படுத்திருந்தான். தூக்கத்திலேயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலும் கீழும் ஓடின. அபாகஸ் மணி தள்ளுகிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எழுந்ததும் கேட்டான், "தாத்தா, இன்னைக்கு என்ன கிளாஸ்?" ஒன்றுமில்லை என்றேன். ஒன்பது வயதுப் பையன், என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றான். லட்சுமி அம்மாள் கோப்பை ஹாக்கி ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றால், ஆன்லைனில் கீபோர்டு வகுப்பு இருக்கிறது என்றாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஆபீஸ் முடிந்து அந்த டிராபிக்கில் அபாகஸ், சபா ஹிந்தி, செஸ், நீச்சல் என்று ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் விடுகிறாயே, அந்தத் தெம்பு எனக்கு இருந்ததில்லை. குகேஷ் 18 வயதில் செஸ் உலக சாம்பியன் ஆனார், சந்தோஷம்தான். விஸ்வநாதன் ஆனந்துக்கு 6 வயதில் அவர் அம்மாதான் செஸ் சொல்லிக்கொடுத்தார். நீயும் அவனோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடேன். பிள்ளையைத் தூங்க விடு.

வகுப்பே வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? யாராவது பெயர் கேட்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை நீ. பள்ளி விட்டு ஹாக்கிக்குப் போக ஆரம்பித்த ஒரே வருஷத்தில் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி "பாஸ் குடு" என்று கத்தினாய். தோற்று வந்த ராத்திரி அழுதுவிட்டு, மறுநாள் காலை 5 மணிக்கு நீயே எழுந்து ஷூ கட்டினாய். யாரும் உன்னைக் கொண்டுபோய் விடவில்லை. நீயாகப் போனாய்.

மாவட்ட அணிக்கு உன்னை எடுத்தபோது, பத்தாம் வகுப்பு என்று சொல்லி நிறுத்தியவன் நான். "பிள்ளையை ஏன் இப்படி வாட்டுகிறாய்" என்று மே மாதம் கேட்டதும் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாயே, அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் நம்ம ஊர் மாரீஸ்வரன் இந்தியாவுக்கு ஆடினபோதும் பாதியிலேயே டிவியை அணைத்துவிட்டேன்.

உன் மட்டை தொலைந்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா. தொலையவில்லை. உன்னை டியூஷனில் சேர்த்த வாரம் நான்தான் தீப்பெட்டி ஆபீஸில் ஒருவர் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். கைப்பிடியில் நீ சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது. நீ மூன்று நாள் பரணில் தேடினாய். நானும் தேடுகிற மாதிரி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன் எடு தாயி. முகில் தூங்குகிறானா என்று மட்டுமாவது சொல்.

அப்பா