நெகட்டிவ் வந்துவிட்டது மாப்ள

அன்புள்ள மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரை முடியப்போகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பிளஸ் டூ எழுதிவிட்டாள். அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று, உன் கேமரா லென்ஸை இன்னும் திருப்பித் தருவதாக இல்லை.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் கேமரா முறையில் படம் எடுத்துப் பார்க்கிறேனே, அதில் நெகட்டிவ் வந்துவிட்டது!

இரண்டு வருஷமாகக் கண்ணாடியில் பாசிட்டிவ் மட்டும்தானே எடுத்துக்கொண்டிருந்தேன், பின்னால் கறுப்புத் துணி வைத்தால் படம் தெரியுமே, அது. அதற்கு மெல்லிசாக வெள்ளி படிந்தால் போதும். வெயிலில் வைத்து முட்டைவெள்ளை பூசிய தாளில் பிரிண்ட் போட வேண்டுமென்றால் அது பற்றாது, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கெட்டியாக நிற்க வேண்டும். நான் என்னடாவென்றால் அதே கலவையை ஊற்றி, அதே டெவலப்பரை விட்டு, பிரிண்ட் ஏன் கரிச்சட்டி மாதிரி வருகிறது என்று ஆறு மாதம் தாளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் படலமாக ஊற்றுகிற கொலோடியன் இருக்கிறதே, ஈதரிலும் ஆல்கஹாலிலும் வெடிபஞ்சைக் கரைத்த பசை, அதன் கூத்து தனி. முதலில் ஒரு கடையில் கொடுத்த பாட்டிலைப் பிரித்தால் கற்பூர வாசனை. காயத்துக்குப் பூசுகிற ரகம், விளக்கெண்ணெயும் கற்பூரமும் சேர்த்தது, நமக்கு ஆகாது. சரியான பாட்டில் வந்தபோது மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டிருந்தது. ஈதர் 34.6-லேயே கொதித்துவிடும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று கிளம்புகிறது. பிளேட்டில் ஊற்றி நாலு மூலைக்கும் ஓடவிடுவதற்குள் முதல் மூலை காய்ந்து வரிவரியாக நிற்கிறது. கோத்தகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது. சூடான ஊரில் ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டு என்று அந்தக் காலத்து ஆட்களே எழுதிவைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

இப்போது விடியற்காலை நாலு மணிக்குத்தான் கலக்குகிறேன். கொலோடியனில் சேர்க்கிற உப்புகளில் பொட்டாசியம் அயோடைடைக் கைவிட்டுவிட்டேன். அதை முதலில் சொட்டுத் தண்ணீரில் கரைக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் படலம் சுருங்கிப் பால் ஆடை மாதிரி ஆகிவிடுகிறது. அம்மோனியம் அயோடைடும் காட்மியம் புரோமைடும் ஆல்கஹாலில் கரைத்து, வடிகட்டி, கொலோடியனில் விட்டுக் குலுக்கி வைக்கிறேன். (காட்மியம் விஷம். முகமூடி இல்லாமல் எடை போடாதே, உன்னை எனக்குத் தெரியும்.) வெளிர் மஞ்சளாக இருந்தது நாள் போகப்போகத் தேன் நிறமாகி, அப்புறம் சிவந்துவிடுகிறது, அயோடின் பிரிவதால் வருகிற சிவப்பு. சிவக்கச் சிவக்க வேகம் குறைகிறது. இந்த வெயிலில் அது பழுப்பதற்குக் கேட்கவே வேண்டாம்.

வெயிலால் ஒரு நன்மையும் உண்டு. கொலோடியன் ஊற்றிய பிளேட்டை முக்கி எடுக்க 100 மில்லிக்கு 9 கிராம் கணக்கில் சில்வர் நைட்ரேட் போட்டு வைத்திருந்தேனே, அந்தக் குளியலில் பிளேட்டிலிருந்து இறங்கிய ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்து எல்லாப் படத்திலும் புகை மூட்டம். சிட்டிகை சோடா உப்புப் போட்டு மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் கரியாகக் கறுத்து, அழுக்கெல்லாம் அடியில் உட்கார்ந்துவிட்டது. வடிகட்டி, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டேன், புதுசு மாதிரி ஆகிவிட்டது. காக்காய் வடகத்தோடு நின்றுகொண்டது புண்ணியம்.

டெவலப்பரில் இரும்பு சல்பேட்டைக் குறைத்து அசிட்டிக் அமிலத்தைக் கூட்டினேன். பாசிட்டிவுக்கு லென்ஸை 4 விநாடி திறப்பேன், இதற்கு 12. முதலில் வந்தது சோகை பிடித்தது போலத்தான் இருந்தது. கழுவிவிட்டு, படத்தைக் கெட்டிப்படுத்த, பைரோ என்கிற டெவலப்பர் மருந்தும் சிட்ரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் சில சொட்டு வெள்ளிக் கரைசல் விட்டு மேலே ஊற்றினேன். சிவப்பு விளக்கில் பிளேட்டை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், புடவைக் கரை கறுக்கிறது, மூக்குத்தி ஒரு புள்ளியாக ஏறுகிறது, பின்சுவர் கெட்டிப்படுகிறது. கை நடுங்கிவிட்டது மாப்ள. படம் நிலைத்து நிற்க ஹைப்போவில்தான் போட்டேன், அதற்குப் பதில் சயனைடு என்கிற பேச்சை இன்னொரு தடவை எடுத்தாயானால் கடிதமே போடமாட்டேன்.

படத்தில் இருப்பது உன் தங்கச்சிதான். கொலோடியனுக்கு நீலம்தான் தெரியும், சிவப்பும் மஞ்சளும் தெரியாது. நெகட்டிவில் குங்குமம் இருந்த இடம் வெறும் கண்ணாடி, பிரிண்டில் கறுப்புப் பொட்டு. அன்றைக்கென்று மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள், முகமும் கறுத்துவிட்டது. பார்த்துவிட்டு, "இது யாரு, உங்க அத்தையா?" என்றாள்.

இனி எழுதப்போவதை அவளிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை, கலவை தீர்ந்துபோயிற்று, ஞாயிற்றுக்கிழமை எடுத்தே ஆக வேண்டும் என்று விடியற்காலை விதியை மீறி சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்கட்டு அறையில் உட்கார்ந்து ஈதரை அளந்தேன். ஜன்னலைச் சாத்தியிருந்தேன், தூசி விழக்கூடாதே என்று. எவ்வளவு புத்திசாலி பார். ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், மேலே போகாது, தரையோடு ஊர்ந்துகொண்டே போய் எங்கேயோ ஒரு நெருப்பைத் தேடும். பத்து தடவை படித்திருக்கிறேன். தண்ணீர் குடிக்க வெளியே வந்தவன், பூஜை அறை வாசலில் செருப்பைத் தேடிக் குனிந்தேன். மூக்கில் அந்தத் தித்திப்பு வாசனை. நாலடி தள்ளித் தரையில், மணைக்கு முன்னால், குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிகிறது.

என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. திரிகளை விரலால் நசுக்கியிருக்கிறேன், கொப்புளம் இருக்கிறது. பாட்டிலை மூடிக் கதவையெல்லாம் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது கால் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை ஏன் அமர்த்தினீர்கள் என்று அவள் கேட்டதற்குப் பல்லி விழுந்தது என்று சொன்னேன். பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, தனலாபம் என்றாள்.

பாட்டில்களையெல்லாம் மாடிக் கொட்டகைக்கு ஏற்றிவிட்டேன், நாலு பக்கமும் காற்று. பூஜை அறையையும் முன்கட்டுக்கு மாற்றியாயிற்று. வாஸ்து சரியில்லை என்று நீ சொன்னதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வைகாசியில் வருகிறபோது கேட்பாள், ஆமாம் என்று சொல்லு. வரும்போது அண்ணாச்சிக்கு வர்க்கியும் எனக்கு அந்த லாவண்டர் எண்ணெயும் வாங்கி வா, வார்னிஷ் காய்ச்ச வேண்டும். வெளியில்தான் காய்ச்சுவேன், பயப்படாதே.

உன்,
கறுப்பு விரல்காரன்