அண்ணனுக்கு, நூல் அட்டை என்ற கடல் அட்டையைப் பற்றி

அண்ணா,

நாளை அப்பாவின் முதல் வருஷத் திதி. ஒரே வீட்டில் இருப்போம், பேசிக்கொள்ள மாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். பண விஷயத்தை இங்கே தொடப்போவதில்லை.

நான் மூன்றாவது படித்தபோது மண்டபம் ஊர்க் கரையில் முட்டளவு தண்ணீரில் நின்று, ஒரு நூல் அட்டையை, வெள்ளரிக்காய் மாதிரி மெத்தென்று கிடக்கும் அந்தக் கடல் உயிரை, என் உள்ளங்கையில் வைத்தாய். லேசாக அழுத்தினேன். பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் பாய்ந்து விரலெல்லாம் பசைபோல் ஒட்டிக்கொண்டது. அலறினேன். நீ சிரிக்கவில்லை. ஈர மணலை அள்ளி ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாய். “பயந்துபோச்சு பாப்பா. அதுக்குக் கடிக்கப் பல்லும் இல்ல, ஓடவும் தெரியாது. வேற என்ன பண்ணும்?”

அன்று சாயங்காலம் வேகவைக்க அறுத்த வெள்ளை அட்டை ஒன்றை விரித்துக் காட்டினாய். உள்ளே நீளவாக்கில் ஐந்து தசைப் பட்டைகள். “நட்சத்திர மீனுக்கும் அஞ்சு கை. இது ரெண்டும் சொந்தமோ என்னமோ.”

சொந்தம்தான் அண்ணா. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, அட்டை எல்லாம் முட்தோலிகள், ஒரே தொகுதி. கல்லூரியில் அதைப் பலகையில் வரைந்தபோது வகுப்பில் எனக்கு மட்டும் ஆச்சரியமே வரவில்லை. இதை முதலில் எனக்குச் சொன்னது என் அண்ணன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகு எந்த மேடையிலும் சொல்லவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் கடல் அட்டையைப் பிடிக்கக் கூடாது என்று அந்தக் கூட்டத்தில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மணலைத் தின்று, அதிலிருக்கும் அழுகலைச் செரித்து, சுத்தமான மணலாக வெளியே விடுகிற உயிர் அது. மூச்சுகூட ஆசனவாய் வழியாகத்தான் விடுகிறது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, யானையோடு அதையும் சேர்த்துப் பிடிக்கத் தடை போட்டபோது, நம் கரையில் எத்தனை அடுப்பு அணைந்தது என்று எனக்குத் தெரியாதா? உன் அடுப்பும்தானே. சட்டத்தைப் போட்டவர்கள் பிழைப்புக்கு வழி சொல்லவில்லை, அதையும் அன்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நீ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அப்படி அடித்துப் பேசியிருக்கக் கூடாது. பேசியது சரி, பேசிய விதம்தான்...

நீ மட்டும் என்ன? என் பட்டமளிப்புக்கு வரவில்லை. “ஆபீசர் பக்கம் போயிட்டா” என்று ஊர் முழுக்கச் சொன்னாய். அந்தப் படிப்புக்கு நீதான் கட்டினாய் என்பதால் அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தெருப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போகப்போகிறேன். எதையும் எடுக்காமல், தொடாமல், பார்க்க மட்டும். பெயர்களைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். புத்தகத்தில் இருக்கும் பெயர் அவர்கள் வாயில் நுழையாது. கடலுக்குள் எது எந்தப் பாறைப் பாருக்குப் பக்கத்தில் கிடக்கும் என்பதும் எனக்குத் தெரியாது.

நீர் வற்றும் நேரத்தை நீயே பார்த்துச் சொல். அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறேன்.

பாப்பா