அம்மாவின் கல்லில் ஆசிட் வேண்டாம்

கோவை,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். என் மூட்டு வலி பழையபடிதான். மேட்டுத் தெரு வாத்தியார் இன்னமும் யாரைப் பார்த்தாலும் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்கிறார், உன்னையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒரே ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன், அது அவசரமானது.

கல்லறைத் திருநாளுக்குள் உங்கள் குடும்பக் கல்லறைகளைப் புத்தம்புதிதாக ஆக்கித் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு நீ முன்பணம் அனுப்பிவிட்டாய் என்று உன் அக்கா சொன்னார். அவர் வேலை செய்யும் விதத்தை விசாரித்தேன். முதலில் பாத்ரூம் கழுவும் ஆசிட், அடுத்துக் கம்பி பிரஷ், அதற்கும் அசையாத இடத்தில் கிரைண்டர் மெஷின். ஆரோக்கியம், நம் கூட்டத்தில் ஜியாலஜி படித்தவன் நீ ஒருவன்தான். எந்தக் கல்லைப் பார்த்தாலும் பையிலிருந்து சுத்தியலை எடுத்தவன், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு எப்படித் தலையாட்டினாய்?

உங்கள் வரிசைக்கு இரண்டு கல்லறை தள்ளி அதே ஆள் சென்ற ஆண்டு செய்த வேலை இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நவம்பர் 2ஆம் தேதி அது கண்ணைக் கூசும் வெள்ளையாக இருந்தது, குடும்பத்தார் கண்கலங்கி அவருக்கு நன்றி சொன்னார்கள். இப்போது அதன் மேற்பரப்பு முழுவதும் சொரசொரப்பாகிவிட்டது. மழுமழுப்பு இருந்தவரை வழிந்தோடிய மழைநீரும் புழுதியும் இப்போது அந்தக் குழிகளில் தங்கிவிடுவதால், தொடாமல் விட்ட பக்கத்துக் கல்லைக் காட்டிலும் அது கறுத்துக் கிடக்கிறது. சிலுவையைப் பொருத்திய இடத்திலிருந்து துருக்கறை கீழே இறங்கியிருக்கிறது. எழுத்துகளின் விளிம்பு மழுங்கிப் போனதால், பிறந்த ஆண்டை நான் விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருந்தது.

உன் அம்மாவின் கல்லும் அதே பளிங்குதான். அதன் உடம்பு கால்சியம் கார்பனேட் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிட் ஊற்றியதும் பொங்கும் நுரையைப் பார்த்து அழுக்கு கழன்று வருகிறது என்று சுற்றி நிற்பவர்கள் நினைக்கிறார்கள். பொங்குவது கல், வெளியேறுவது கரியமில வாயு. ஒருமுறை கரைந்ததைத் திரும்ப வைக்க எந்தக் கொத்தராலும் முடியாது.

அம்மாவின் கல்லை நிதானமாகப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் நேராக அடிக்கும் பக்கத்தில் மெருகு போய், விரலால் தொட்டால் ரவை போல மணி மணியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. மதில் மறைக்கும் பக்கம் இன்னும் வழவழப்பாகவே இருக்கிறது. எழுத்துகள் ஈயத்தால் ஆனவை. பளிங்கில் எழுத்தின் வடிவத்துக்குப் பள்ளம் வெட்டி, பள்ளத்துக்குள் சிறு துளைகள் இட்டு, ஈயத்தை அந்தத் துளைகளுக்குள் இறங்கும்படி அடித்துப் பதித்து, மேலே சமமாகச் சீவியிருக்கிறார்கள். அந்தத் துளைகளின் பிடியில்தான் ஒவ்வோர் எழுத்தும் நிற்கிறது. அம்மா இறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தில் ஒரு முனை கழன்று, நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கம்பி பிரஷ் அங்கே ஒருமுறை போய் வந்தால் அந்த இலக்கம் தரையில் கிடக்கும்.

ஆகவே அந்தக் கல்லுக்கு வேண்டியது தண்ணீர், பொறுமை, மென்மையான நார் பிரஷ். எழுத்துகளைச் சுற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும், தூக்கி நிற்கும் இலக்கத்தைத் தொடவே கூடாது. முதலில் கல் முழுவதையும் நனைத்து ஊறவிட வேண்டும். பிறகு அடியிலிருந்து மேல் நோக்கித் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் தேய்க்காத கல்லின் மேல் வழிந்து, உறிஞ்சப்பட்டுக் கோடு கோடாகக் கறை விழும். ஒவ்வொரு பகுதியையும் தேய்த்த கையோடு அலசிவிட வேண்டும். கார் கழுவும் பிரஷர் பம்ப்பைக் கொண்டுவரலாம் என்று உன் மருமகன் சொன்னாராம். உதிர்ந்துகொண்டிருக்கும் பளிங்கின் மேல் அந்த வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் அழுக்கோடு கல்லும் போய்விடும் என்று அவருக்கு எடுத்துச் சொல்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று. கல்லறைத் தோட்டத்துக் குழாயில் வருவது போர்வெல் உப்புத் தண்ணீர். அது காய்ந்த இடத்தில் வெள்ளை பூத்துவிடும், கறுப்புக் கல்லில் அது கண்ணை உறுத்தும். கடைசி அலசலுக்காவது சிறுவாணித் தண்ணீர் வேண்டும். வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் கேன்களில் பிடித்து வைத்து, என் தம்பியின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் பாசி உடனே போய்விடுமே என்று அக்கா கேட்டார். பாசி போகும், உப்பு தங்கிவிடும். கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிய உப்பு, வெயில் காயும்போது படிகமாகி, உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கல்லைப் பொரிந்து விழச் செய்யும். துணி துவைக்கும் சோடாத்தூளுக்கும் இதே குணம் உண்டு. கல் பாதுகாப்பு வேலை செய்பவர்கள் பாசிக்குப் பென்சால்கோனியம் குளோரைடு வகை மருந்தைத் தெளித்துவிட்டு, தேய்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பாசியும் கற்பாசியும் செத்து, காய்ந்து, வாரக் கணக்கில் தானாக உதிர்கின்றன. இந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன். தெளிப்பதற்குத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரைக் கொண்டுவராதே, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்.

அப்பாவின் கல்லைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மெருகேற்றிய கறுப்பு கிரானைட், எளிதில் உறிஞ்சாது. ஈரத்துணியால் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றினாலே போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பி ஸ்கிரப்பர் மட்டும் பட்டுவிடக் கூடாது. கிரானைட்டுக்கு ஆசிட் ஒன்றும் செய்யாது என்று அந்த ஆள் சொல்லக்கூடும், அதையும் நம்பாதே. கல்லிலுள்ள இரும்புத் தாதை ஆசிட் கிளறிவிட்டால் பின்னால் மஞ்சள் கறையாக வெளிவரும். அங்கே சிக்கலெல்லாம் மெழுகுதான். ஆண்டாண்டாக ஏற்றிய மெழுகுவத்திகளின் உருகல் பீடத்தில் திட்டுத் திட்டாக உறைந்திருக்கிறது. ஐஸ்கட்டியை வைத்து இறுகவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பினால் கிரானைட்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். பளிங்கில் அப்படி வராது. மெழுகு உள்ளே இறங்கியிருக்கும், சிவப்பு மெழுகாக இருந்தால் சாயமும் சேர்ந்து இறங்கியிருக்கும். இந்த ஆண்டு முதல் மெழுகுவத்திகளை மணல் நிரப்பிய மண்தட்டில்தான் ஏற்ற வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல். சுற்றிலும் பாவியிருப்பது கடப்பைக் கல், அதுவும் பளிங்கைப் போல ஆசிட்டில் கரையும் சுண்ணாம்புக்கல்தான். கறுப்பாக இருப்பதால் எல்லோரும் அதை கிரானைட்டோடு சேர்த்துவிடுகிறார்கள். பித்தளைப் பெயர்ப்பலகையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்பது உன் அக்காவின் பழைய வித்தை. பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டில் வைத்துத் தேய்க்கட்டும், புளித் தண்ணீர் பளிங்கிலும் கடப்பையிலும் வழிய விடக்கூடாது.

இனி தாத்தாவின் கல்லறை. கிரைண்டரை ஓட்டப்போவதாக அந்த ஆள் சொன்னது இதன் மேல்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மேலே கிடக்கும் அந்த நீலங்கலந்த கறுப்புப் பலகை சார்னோகைட். நாம் ஏற்காட்டுக்குப் போனபோது உன் பேராசிரியர் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும், கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையை ஆராய்ந்த ஜியாலஜிஸ்ட் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்தக் கல்வகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார் என்றும், அந்தப் பலகை சென்னைக்குப் பக்கத்துப் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல் என்றும், நம் நீலகிரியும் சேர்வராயன் மலையும் அதே இனம் என்றும் அவர் சொல்லச் சொல்ல, குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டவன் நீதான். ஒரு கல்லறைக் கல்லால் உலகம் முழுவதும் பெயர்பெற்ற பாறை உன் தாத்தாவின் நெஞ்சின் மேல் கிடக்கிறது. அதைக் கிரைண்டரால் சுரண்ட விடுவாயா?

அந்தப் பலகையின் மேல் சாம்பல் நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் கற்பாசி வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கிறது. எழுத்து இல்லாத இடத்தில் அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது என் முடிவான கருத்து. அது அழுக்கு அன்று, அந்தக் கல்லின் வயது. எழுத்துகளை மறைக்கும் இடத்தில் மட்டும் நன்றாக நனைத்து, மூங்கில் சிம்பால் மெல்ல எடுக்கலாம். படிப்பதற்காகக் கோலமாவையோ சுண்ணக்கட்டியையோ தேய்க்க வேண்டியதில்லை. மாலை வெயிலைக் கண்ணாடியில் வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்துகளின் நிழல் விழுந்து முழு வாசகமும் எழுந்து நிற்கும், நான் அப்படித்தான் படித்தேன். நொய்யல் கரையில் கொடுமணலில் செத்தவர்களைச் சுற்றிக் கல்வட்டம் அடுக்கிய நாடு இது, ஆனால் ஊர் எல்லையில் நிற்கும் நடுகல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைத்துவிட்டு, கல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று திருப்தியாகத் திரும்பி வருகிறோம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

பலகைக்குக் கீழே இருப்பது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். யாரோ சிமென்ட் பூசி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாததால், ஒட்டைச் சுற்றியுள்ள பழைய காரை பொருமி உதிர்கிறது. மூலையில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. அதை யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் பெயரும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருந்து, வேர் பட்ட பிறகு இண்டுகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். திருமுருகன்பூண்டியில் சிற்பவேலை செய்யும் ஒருவர் எனக்குப் பழக்கம், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தரை அவர் மூலம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குட்டித் தம்பியின் இரும்புச் சிலுவைக்கு மட்டும் கம்பி பிரஷ் போடலாம். துருத்தூள் அம்மாவின் பளிங்கில் விழாதபடி ஈரச்சாக்கால் மூடிக்கொண்டு சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே கறுப்பு அடித்துவிடலாம். சிலுவையின் கால் பீடக்கல்லுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு விரிசல் தெரிகிறது. உள்ளே இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கிறது என்று நினைக்கிறேன். அதை நீ வந்து உன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த ஆளுக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிடு. முன்பணம் போனால் போகட்டும். பங்குத்தந்தையிடம் நான் பேசிவிட்டேன், குடும்பத்தார் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் கேட்கிறார், அதை உடனே அனுப்பு. எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லாக் கற்களையும் நாலா பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும், ஆகையால் உன் நல்ல கேமராவைக் கொண்டு வா. அப்பாவின் கல்லில் எழுத்துகளின் தங்கநிறம் பாதி உதிர்ந்திருக்கிறது. அதே தங்கநிறத்தை அடிக்கலாமா, வெள்ளை அடிக்கலாமா என்று அக்காவிடம் கேட்டு எழுது. அவர் விருப்பம்தான் கடைசி, அந்தக் கல்லுக்குப் பணம் கட்டியவர் அவர்தான்.

அன்புடன்,
தாவீது