வளைந்த வாசலும் வாழைத் தோட்டமும்

அன்புள்ள செல்வம்,

தச்சுப் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஒரு மாதம் தாங்குகிறாயா பார்ப்போம். நான் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. முழங்கால் வலி மட்டும் விடாமல் கூடவே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் தெற்கே சஸ்ஸெக்ஸில் நார்த்தியம் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிரேட் டிக்ஸ்டர் என்ற பழைய வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பார்த்ததும் உன் ஞாபகம்தான். 15-ஆம் நூற்றாண்டு நடுவில் கட்டியது, முழுக்க ஓக் மரச் சட்டம். இங்கே அந்தக் காலத்தில் ஓக்கைக் காய வைக்காமல் பச்சையாகவே இழைத்து, ஒரு கட்டையின் துளையில் இன்னொரு கட்டையின் நாக்கைச் செருகி மர ஆணி அடித்துவிடுவார்களாம், அப்புறம் அது சட்டத்தில் நின்றபடியே காய்ந்து முறுக்கிக்கொள்ளும். முன்வாசல் மண்டபம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, குடித்துவிட்டு வந்த ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. நீ பார்த்திருந்தால் உடனே தூக்குக்குண்டைத் தேடியிருப்பாய்.

உள்ளே ஒரே பெரிய கூடம், அண்ணாந்து பார்த்தால் கூரை வரைக்கும் வெறும் வெளி. அந்த மாதிரி வீடுகளில் புகைபோக்கி கிடையாது. நடுத்தரையில் நெருப்பு மூட்டுவார்கள், புகை அதுவாகக் கூரை வழியே வெளியேறும். பிறகு செங்கல் புகைபோக்கி வந்தது. புகைக்காக உயரத்தைக் காலியாக வைக்க வேண்டியதில்லை என்றானதும் ஊர் ஊராகக் கூடத்துக்குக் குறுக்கே தளம் போட்டு மாடி அறை எடுத்தார்கள். இங்கேயும் அதேதான், தளம், தடுப்பு என்று கூடத்தையே கூறுபோட்டிருந்தார்கள்.

1910-ல் அச்சுத்தொழிலில் பணம் சேர்த்த நத்தானியல் லாய்டு என்பவர் இதை வாங்கி, கட்டடக்கலைஞர் லட்யன்ஸைக் கூப்பிட்டார். ஆமாம், பிறகு புதுதில்லியைக் கட்டினாரே, அதே லட்யன்ஸ்தான். அவர் தளத்தையும் தடுப்பையும் பிய்த்தெறிந்து கூடத்தைத் திறந்துவிட்டார். இடம் போதவில்லை, அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்துக் கென்ட் மாவட்டத்தில் பெனென்டன் என்ற ஊரில் இடிக்க இருந்த 16-ஆம் நூற்றாண்டு மரவீடு ஒன்றை 75 பவுண்டுக்கு வாங்கி, கட்டைக்குக் கட்டை எண் போட்டுப் பிரித்துக் கொண்டுவந்து பின்பக்கம் நிறுத்திவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் லட்யன்ஸின் சொந்தப் பகுதி, உயரமான புகைபோக்கிகளோடு. ஆக ஒரே வீட்டில் மூன்று நூற்றாண்டு. 1912-ல் வேலை முடிந்திருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களையும் இங்கே படுக்க வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு உறுத்தல். அந்தத் தளங்களைப் போட்டவர்களும் குளிருக்குப் பயந்து வாழ்ந்த மனிதர்கள்தானே, அவர்கள் காலம் மட்டும் எப்படிக் குப்பையாகிறது? கூடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தது 1450-ஐயா, 1912-ல் ஒருவர் நினைத்துப் பார்த்த 1450-ஐயா என்று காரில் வரும்போதெல்லாம் யோசனை. மாப்பிள்ளை ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை, நத்தானியலின் மகன் கிறிஸ்டோபர் லாய்டு. 1921-ல் அந்த வீட்டிலேயே பிறந்து தோட்டக்கலையில் பெரிய பெயரெடுத்தவர், 2006-ல் போய்விட்டார். லட்யன்ஸ் வகுத்த ரோஜாத் தோட்டம் சரியாக வரவில்லை என்று 1993-ல், எழுபது வயதுக்கு மேல், அவ்வளவையும் பிடுங்கிவிட்டு வாழையும் கல்வாழையும் நட்டாராம்! ரோஜா ரசிகர்கள் கொதித்துப் போனார்களாம். அப்பா பழசைத் திருப்பிக் கொண்டுவரப் பாடுபட்டார், பிள்ளை வாழைக்கன்று வைத்தார். எனக்குப் பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறது.

முன்வாசல் மூட்டு ஒன்றைக் கிட்டப் போய்ப் படமெடுத்திருக்கிறேன், வாட்ஸப்பில் அனுப்புகிறேன். மர ஆணியின் தலை ஒரு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. வேண்டுமென்றே அப்படி விட்டதா, மரம் சுருங்கியதில் பிதுங்கியதா? பார்த்துச் சொல்.

அன்புடன்,
ரங்கன்