செம்மண் பாதையில் ஒரு ஹாட் ராட்: நம் ஊருக்கு நன்றி

சுங்கை சிப்புட் மக்களுக்கு,

வணக்கம். நான் கொட்டகையில் கட்டிய ஹாட் ராட் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. சத்தத்தைக் கேட்டு, செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

ஹாட் ராட் என்றால் பழைய காரை வேறு எஞ்சின் போட்டு வேகமாக ஓடும்படி மாற்றிய வண்டி. இது அதில் டி-பக்கெட் வகை. ஃபோர்டு 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி காரின் சாயலில் ஃபைபர் கிளாஸ் பாடி. மட்காடு கிடையாது, எஞ்சின் வெட்டவெளியில் நிற்கும். இது பாகங்களாகப் பெட்டியில் வந்து நாமே கோக்கும் கிட். கிட் என்றால் நட்டை முறுக்கினால் கார் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். என் பெட்டியில் வந்தது சேசிஸ், பாடி, முன் அச்சு, ஸ்டியரிங் பெட்டி, அவ்வளவுதான். மிச்சத்தை ஊர்தான் கொடுத்தது.

பழைய இரும்புக்கடை முதலாளியான தவுக்கே, நிசான் வேனெட்டின் 1.5 லிட்டர் எஞ்சினை கியர்பாக்ஸோடு எடுத்து வைத்திருந்தார். அமெரிக்காவில் இந்த வண்டிக்கு வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின் போடுவார்கள். "வேன் எஞ்சினா?" என்று சிரித்தவர்களே, அது பின்சக்கரத்தை ஓட்டும் எஞ்சின், ஸ்பேர் பார்ட்ஸும் சுலபமாகக் கிடைக்கும். இத்தனை லேசான வண்டி செம்மண்ணில் கொஞ்சம் அழுத்தினாலே வாலை ஆட்டுகிறது. இதில் வி8 வேறா!

பெரிய கடன் தோட்டப் பட்டறை ஃபிட்டர் அண்ணனுக்கு. கிட் இடப்பக்க ஸ்டியரிங்குக்கு வரையப்பட்டது. ஸ்டியரிங் பெட்டியை வலப்பக்கம் மாற்றினால், அங்கிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நீளமும் கோணமும் மாறும். கோணம் பிசகினால், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது நாம் திருப்பாமலே சக்கரம் திரும்பிவிடும். அண்ணன் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி இறக்கி, நூல் பிடித்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சரியான இடம் கிடைக்கும்வரை பிராக்கெட்டை வெல்டு செய்யவே மறுத்துவிட்டார். அவசரப்பட்ட என்னை டீ வாங்கிவர அனுப்பியதும் அவர்தான். இன்று குண்டும் குழியுமான பாதையிலும் ஸ்டியரிங் கையை இழுப்பதில்லை.

எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் பார்த்துத் தந்த லேத் கடைக்காரருக்கும், வயரிங் இழுத்த ஏர்கான் தம்பிக்கும், பாடியைத் தூக்கி வைத்த பந்து விளையாட்டுப் பையன்களுக்கும் நன்றி. மைலோ டப்பாக்களை நட்டு போல்ட்டுக்கு விட்டுக்கொடுத்த என் மனைவிக்குத் தனியாக நன்றி. காலி டப்பா மட்டுமில்லை என்பது வீட்டில் தெரிந்த கதை.

பதிவு இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் இறக்க முடியாது. அதனால் செம்பனைக்கு நடுவே உள்ள பாதையில், ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில் மட்டும் ஓட்டலாம் என்று மேனேஜர் ஐயா அனுமதி கொடுத்தார். வேகம் கூடாது, மாடு குறுக்கே வந்தால் மாட்டுக்குத்தான் வழி என்பது அவர் நிபந்தனை. அப்படியே நடக்கிறேன் ஐயா.

அப்புறம், பச்சைப் பிடி போட்ட வெல்டிங் முகமூடி ஒன்று என் கொட்டகையில் கிடக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு சுற்றும் போகலாம்.