உறையின் மேல் இருந்த முத்திரை

அர்பானா, இல்லினாய்
ஜனவரி 1968

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. எங்கள் கணிதத் துறை அனுப்பிய உறையின் மேல் ஏதோ கணக்கு அச்சாகியிருக்கிறது, ரகசியச் சங்கேதமா என்று தபால்காரர் கேட்டாராமே. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. துறையில் தபால் முத்திரை குத்தும் எந்திரத்திலேயே அதைப் பொறித்துவைத்திருக்கிறார்கள். 11,213 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. எழுதினால் 3,376 இலக்கம். 1963இல் இங்குள்ள பேராசிரியர் கில்லீஸ், இல்லியாக் 2 என்ற கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடித்தார். இதைவிடப் பெரிய பகா எண்ணை இன்னும் யாரும் கண்டதில்லை. பெருமையை ஊர் ஊராகத் தபாலில் அனுப்புகிறார்கள்!

அத்தனை பெரிய எண்ணை எதனால் எல்லாம் வகுத்துப் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். வகுக்கவே வேண்டாம். லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி சொன்னார், லேமர் என்ற அமெரிக்கர் அதைச் செப்பனிட்டார். எஸ்டேட் பேரேட்டின் ஓரத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 31. இப்போது 4இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2 கழித்தால் 14. 14ஐ அப்படியே செய்தால் 194. 31ஆல் வகுத்து மீதி 8ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை செய்தால் 62. அது 31ஆல் மீதியில்லாமல் போகிறது, எனவே 31 பகா எண். ஐந்துக்கு மூன்று தடவை போதும். 11,213க்கு 11,211 தடவை.

இப்படி இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் எப்போதும் பகா எண்தான் வரும் என்றும் இல்லை. பதினோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 2,047. பார்வைக்குப் பகா எண் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது 23 பெருக்கல் 89.

பக்கத்து அறைப் பெரியவர் காலையில் போட்ட காப்பியை ராத்திரி வரை அடுப்பிலேயே வைத்துக் குடிக்கிறார். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, "உங்கள் ஊரில் காப்பி கிடைக்குமா?" என்கிறார். சேர்வராயன் மலையில் எங்கள் வாசலிலேயே காப்பி காய்கிறது என்றேன். நம்பவில்லை.

குளிர் பரவாயில்லை. ஏற்காட்டில் மார்கழிக்குக் கம்பளி தேடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சாப்பாட்டுக்கும் குறையில்லை, ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். ராத்திரியில் பசிப்பதே இல்லை, அதனால் ஒரு வேளையை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் துறைக்கே போய்விடுகிறேன், அங்கே கணப்பு நன்றாக இருக்கும்.

பழம் எடுப்பு முடிந்துவிட்டதா? இந்நேரம் களத்தில் பரப்பியிருப்பீர்கள். பழத்தோல் உரிக்கும் பல்பர் எந்திரத்தின் சத்தமும் அந்தப் புளித்த வாசனையும் இல்லாமல் பொங்கல் வந்தது பொங்கலாகவே தெரியவில்லை அப்பா. பாட்டி யாருக்கு முதல் கரண்டி வைத்தார்கள்?

சரி, வள்ளி விஷயம். ஆத்தூர் வரன் பொருந்துகிறது என்கிறீர்கள். பையனைப் பற்றி அவன் வேலை பார்க்கும் இடத்தில் விசாரித்தீர்களா? ஜாதகம் மட்டும் போதாது. செவ்வாய்ப்பேட்டையில் வைத்த அம்மாவின் காசுமாலையை, வட்டி மட்டும் கட்டி இழுக்காமல், முகூர்த்தத்துக்கு முன் மீட்டுவிட வேண்டும். இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாகும், பாங்கில் ஏதோ சிக்கல், மற்றபடி ஒன்றுமில்லை. பங்குனிக்குள் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை அம்மாபேட்டைச் சித்தப்பாவிடம் மட்டும் கைநீட்டாதீர்கள். பந்தியில் உட்கார்ந்து ஊருக்கே சொல்லுவார்.

அம்மாவுக்கும் பாட்டிக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்
ராமு