குறும்பட வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களே,

கூட்டங்கள், வரவு விபரம் எல்லாம் குறிப்பேட்டில் உள்ளன. அவற்றை இங்கே திரும்ப வாசிக்கவில்லை. இவ்வாண்டு வட்டத்தின் வேலையில் பெரும்பங்கு வெளிநாட்டு விழாப் போட்டிகளுக்குப் படம் அனுப்புவதிலேயே போனது. திரும்பி வந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கதைக்குறையை விட, நடுவர் கண்ணில் படுமுன்பே தள்ளிவிடக்கூடிய குறைகளே கூடுதலாகத் தெரிகின்றன. இந்த அறிக்கை அவற்றைப் பற்றியது.

முதலாவது நீளம். குறும்படம் என்பதற்கு எல்லா விழாவுக்கும் பொதுவான அளவு இல்லை. கான் போட்டிக்கு 15 நிமிடம், வெனிஸுக்கு 20, பேர்லினுக்கு 30. ஒஸ்கார் விதியில் 40 வரை போகலாம். இவற்றில் பெயர்ப்பட்டியலும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்; நன்றி சொல்லவே இரண்டு நிமிடம் எடுக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு.

இதில் மறைந்திருக்கும் பொறி ஒன்று. எங்கள் கமராக்களில் வழமையாக வைத்திருப்பது செக்கனுக்கு 25 பிரேம். திரையரங்கப் பிரதி பெரும்பாலும் 24 பிரேமில் கேட்கப்படுகிறது. 25இல் எடுத்த படத்தை அப்படியே 24இல் ஓடவிட்டால் நான்கு வீதம் நீளும். 14 நிமிடம் 50 செக்கன் படம் 15 நிமிடம் 27 செக்கனாகும்; குரலும் சற்றுத் தடிக்கும். ஆகவே தொடக்கத்திலேயே 24இல் எடுப்பது நல்லது. ஆனால் எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 24 பிரேமுக்கு வழமையான 1/48 செக்கன் ஷட்டர் வேகத்தில் விட்டால் ரியூப் லைட்டும் மலிவு எல்.ஈ.டி. குமிழும் திரையில் துடிக்கும். 1/50இல் வைத்தால் துடிப்பு அடங்கும். கைத்தொலைபேசியில் எடுப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: பிரேம் வேகம் நிலையாக நில்லாமல் ஏறி இறங்குவதால், படம் போகப்போகச் சத்தம் வாயசைவை விட்டு விலகும். எடிட்டிங்குக்கு முன்பே ஹான்ட்பிரேக் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது இலவசம்.

ஒலியைப் பற்றி ஒரே சொல்: கச்சான் காற்று. இரணைமடுக் குளக்கட்டில் மைக்குக்கு ரோம உறை இல்லாமல் பதிந்த உரையாடலை எந்த மென்பொருளாலும் மீட்கமுடியாது. ஒவ்வோர் இடத்திலும் ஒருவரும் பேசாமல் 30 செக்கன் வெறும் சூழல் சத்தத்தைப் பதிந்து வையுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.

கூடுதலாகச் சறுக்குவது உபதலைப்பில். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு 42 எழுத்துக்குள் நிற்கட்டும். திரையில் நிற்கும் நேரம் ஒரு செக்கனுக்குக் குறையவும் ஏழு செக்கனைத் தாண்டவும் கூடாது. வன்னிப் பேச்சை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது சொல்லுக்குச் சொல் போட்டால் பிழைக்கும். போராளி அமைப்பைக் குறிக்கும் ‘இயக்கம்’ என்பதை ‘மூவ்மென்ற்’ என்று மட்டும் எழுதினால், வெளிநாட்டுப் பார்வையாளர் எந்த அசைவைச் சொல்கிறார்கள் என்று யோசிப்பார். ‘பங்கர்’ என்றால் அவருக்குக் கொங்கிரீட் அரண்தான் தெரியும். பனங்குற்றி போட்டு மண்மூடிய கிடங்கு தெரியாது. ‘மாமி’ என்றால் தகப்பனின் தங்கையா, மனைவியின் தாயா? காட்சிக்கு எது தேவையோ அதை மட்டும் சொல்லுங்கள். மொழிபெயர்த்தபின், தமிழ் தெரியாத ஒருவரிடம் சத்தத்தை நிறுத்திப் படத்தைக் காட்டி, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் திருத்தம் வேண்டும். உபதலைப்பு பதிந்த பிரதியோடு, பதியாத பிரதியையும் உபதலைப்பு வரிகளை நேரக்குறியுடன் வைத்திருக்கும் எஸ்.ஆர்.ரி. கோப்பையும் வைத்திருக்கவேண்டும். பிரான்ஸில் கிளெர்மோன் ஃபெராண்ட் போன்ற விழாவுக்குத் தெரிவானால் அங்கு பிரெஞ்சில் போடுவதற்கு இவை தேவைப்படும்.

அடுத்தது யூரியூப். ஊரில் ஒருமுறை காட்டிவிட்டு அன்றிரவே ஏற்றிவிடுகிறோம். வெனிஸ் உலக முதற்காட்சி கேட்கும் விழா; அதாவது படம் அதற்குமுன் எங்கும் காட்டப்பட்டிருக்கக்கூடாது. கானுக்கும் இணையத்தில் வந்த படம் ஆகாது. கிளெர்மோன் முதற்காட்சி கேட்பதில்லை. ஆகவே பெரிய விழாக்களின் பதிலுக்குக் காத்திருந்து, அதன்பின் மற்றவற்றுக்குப் போகவேண்டும். சொந்த நாட்டில் நடக்கும் விழா, 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா உட்பட, பொதுவாக ‘சர்வதேச முதற்காட்சி’, அதாவது சொந்த நாட்டுக்கு வெளியே முதன்முதலாகக் காட்டுவது, என்ற தகுதியைக் கெடுக்காது. ‘உலக முதற்காட்சி’யைக் கெடுக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. விதிகள் மாறுவதால் ஒவ்வோராண்டும் புதிதாக வாசியுங்கள்.

பணம். விழாக்களுக்குப் படம் அனுப்பும் பில்ம்ஃப்ரீவே தளத்தில் முற்பட்ட, வழமையான, பிந்திய என்று கட்டணம் படிபடியாக ஏறும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 20 டொலர் விழா ஒன்றுக்கு 6,000 ரூபா. பத்து விழாவுக்கு 60,000. கட்டியது திரும்பாது. கட்டண விலக்குக் கேட்டு மடல் எழுதுவதானால் கட்டமுன்பே எழுதவேண்டும். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்பதைக் கடைசி நாளில் அல்ல, ஒரு கிழமைக்கு முன்பே கேட்டறியுங்கள்.

மாதாமாதம் விருது அறிவிக்கும் விழாக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அரங்கின் பெயர் இருக்காது, முன்னைய ஆண்டின் நிகழ்ச்சிநிரல் இருக்காது, விருதுப் பிரிவுகள் மட்டும் எக்கச்சக்கமாக இருக்கும். வென்றதாக மடல் வரும். கேடயம் வேண்டுமானால் தனிக்காசு. போஸ்டரில் ஒட்ட விருதுச் சின்னமாக ஓர் இலைவளையம் கிடைக்குமே தவிர, படத்தை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். இப்படியானவற்றுக்கு வட்டத்தின் நிதியைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இசையில் சுருக்கமாக: சினிமாப் பாட்டுக்குப் பாடலின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. இரண்டும் எழுத்தில் வேண்டும். காட்சியில் பஸ்ஸுக்குள் பாடிக்கொண்டிருந்தாலும் அதே விதிதான்.

நடுவர்கள் படம் பார்க்க அனுப்பும் விமியோ இணைப்புக்குக் கொடுத்த கடவுச்சொல்லை முடிவு வரும்வரை மாற்றாதீர்கள். திருத்திய பிரதியை அதே இணைப்பிலேயே மாற்றிப் போடலாம். நெறியாளரின் பெயர் படத்திலும் படிவத்திலும் கடவுச்சீட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கவேண்டும். அழைப்பு வந்தபின் விசா விண்ணப்பத்தில் இது இடறும்.

டி.சி.பி. எனும் திரையரங்கப் பிரதியைத் தெரிவானபின் செய்தால் போதும். டி.சி.பி.ஓமெற்றிக் என்ற மென்பொருள் இலவசமாகச் செய்துதரும். செக்கனுக்கு 100 மெகாபிற் வீதம் 15 நிமிடப் படம் 11 ஜி.பி.யைத் தாண்டும். 5 மெகாபிற் இணைப்பில் ஏற்ற ஐந்து மணித்தியாலம். இடையில் கறண்ட் நின்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரலாம். டி.சி.பி. அடைவுக்குள் இருக்கும் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றாதீர்கள். எந்தக் கோப்பு எந்தப் பெயரில் இருக்கிறது என்ற பட்டியல் அதற்குள்ளேயே இருப்பதால், ஓர் எழுத்து மாறினாலும் அரங்கில் ஓடாது.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை இக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைப்பவை: மைக் உறைகள் இரண்டு வாங்குதல், ஒரு படத்துக்கு ஐந்து விழாவுக்கு மேல் கட்டணம் ஒதுக்காமல், மிஞ்சுவதை உபதலைப்புத் திருத்துநருக்குக் கொடுத்தல், அனுப்புமுன் இரண்டு அங்கத்தவர் விதிமுறையை வாசித்துக் கையொப்பமிடுதல். இவற்றின் மீதான கருத்துகளைக் கணக்கறிக்கைக்குப் பின் எடுத்துக்கொள்வோம். பொருளாளர் அவர்களை அழைக்கிறேன்.

செயலாளர்